ஆழாத்தாளின் வாசல்

தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலைக்குள் குள்ளர்கள் இருந்ததை ஊரார் கதை என்றே நினைத்தார்கள். அந்தச் சனத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த குமிளனை, மலையடித் தென்னந்தோப்பில் குடியிருந்த குழந்தையம்மாளுக்கு மட்டும் தெரியும். அவள் இடுப்பு உயரம்தான் இருப்பார். மனைவி இறந்த பிறகு உப்பு கேட்டு இறங்கி வந்தவர், அப்புறம் மோர் குடிக்க வர ஆரம்பித்தார். குழந்தையம்மாளும் தனி ஆள்தான். கணவன் இல்லை. மகன் ஈஸ்வரமூர்த்தி திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்து அங்கேயே இருந்துவிட்டான்.

ஒருநாள் கேட்டாள். "ஏனுங்க, உங்க சாமி எங்கீங்க இருக்குது?"

குமிளன் தரையைத் தட்டினார். "கீழீங்க. ஆழாத்தாள்னு பேரு. செத்தவங்களக் கல்லூட்டுல உக்கார வெச்சு மூடிப்போடுவோம். வெளிய நின்னு ஒருத்தர் கல்லத் தட்டி, இவன் இன்னாரு பையன்னு சொல்லோணும். அப்பத்தான் ஆத்தா அடிவாசலத் தொறப்பா. உள்ள எங்க சனமெல்லாம் இருக்குதுங்க."

"சொல்ல ஆளில்லீன்னா?"

"இருட்டுல உக்காந்திருக்க வேண்டீதுதான். என்ற சம்சாரத்துக்கு நான் சொல்லிப்போட்டனுங்க."

"உங்களுக்கு நான் சொல்றனுங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஆத்தாளுக்கு உங்க குரல் தெரியாதுங்களே" என்றார்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசி மழையில் அவர் வரவே இல்லை. மழை விட்டதும் குழந்தையம்மாள் மலையேறினாள். மனைவியின் கல்வீட்டுக்கு வெளியே, பலகைக்கல்லில் சாய்ந்தபடி இறந்து கிடந்தார். கல்லை அவளால் அசைக்க முடியவில்லை. இறங்கி வந்தபோது, தேங்காய் ஏற்ற வந்திருந்த வியாபாரி சிக்கந்தர் தோப்பில் நின்றிருந்தார்.

"மேல ஒருத்தர் எறந்து கெடக்கறாருங்க. எடுத்து வெக்க ஆளில்லீங்க."

"யாருங்க அவரு?"

"எனக்குத் தெரிஞ்சவரு."

சிக்கந்தர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தோப்பில் கிடந்த கடப்பாரையை எடுத்தார். "வாங்க. மய்யித்து தூக்கறதுக்கு இதுக்கு மேல என்னத்தக் கேக்கறது."

உடலைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு கடப்பாரையால் கல்லை நெம்பினார். குமிளனை மனைவிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து மூடினார்கள். சிக்கந்தர் தள்ளிப்போய்த் தலைகுனிந்து நின்றார்.

குழந்தையம்மாள் கல்லைத் தட்டினாள். அப்போதுதான் அவருடைய அப்பா அம்மா பேரைக் கேட்டதே இல்லை என்பது உறைத்தது.

"ஆத்தா, இது குமிளனுங்க. யாரு பையன்னு எனக்குத் தெரியாது. மோருக்கு உப்புப் போட்டா இவருக்கு ஆகாது. ஆனை வந்தா நின்னு பேசித்தான் அனுப்புவாரு. சம்சாரத்தப் பத்திச் சொல்ல வந்தா, பாதியில நிறுத்திப்போடுவாரு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். உள்ள கூப்பிட்டுக்கோ."

காதை வைத்துக் கேட்டாள். கல் ஜில்லென்று இருந்தது.

"கேட்டுதுங்களா?" என்றார் சிக்கந்தர்.

"தெரியலீங்க."

இருவரும் தோப்புக்கு இறங்கி வந்தார்கள். லாரி கிளம்புமுன் சிக்கந்தர், "பையனூட்டுல கொண்டுபோய் உடட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க. மாடு கத்துது."

லாரி போனபின் மாட்டை அவிழ்த்துத் தொட்டிக்கு ஓட்டிப் போனாள். மறுபடியும் தூறல் விழுந்தது. மாடு குடித்து முடித்த பிறகும், போக வேறு இடமில்லாதவள் போல அங்கேயே நனைந்துகொண்டு நின்றாள்.