பொய்க்குச் சுற்றிய காற்றாடி

தம்தினின் கூடாரத்துக்குப் பின்னால் மின்சாரத்துக்காக நட்டிருந்த காற்றாடி, யாராவது பொய் சொன்னால் மட்டுமே சுற்றியது. அந்தப் புல்வெளியில் மற்ற குடும்பங்களின் காற்றாடிகள் காற்றுக்குச் சுற்றின. மின்கம்பி அந்தப் பக்கம் வந்ததில்லை. பருவத்துக்கொரு முறை கூடாரத்தைக் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் பின்னால் எந்தக் கம்பம் வரும்? ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வாங்கிவருவதற்குள் பாதிப் பெட்ரோல் தீர்ந்தது, அதன் சத்தத்தில் மாடுகள் பால் சுரக்க மறுத்தன. தம்தின் சோலார் தகடு வாங்கலாம் என்றான். "பனி மூடினா அது நம்ம நாய் மாதிரி சுருண்டு படுத்துக்கும். காத்துக்கு இங்க என்ன குறைச்சல்?" என்றாள் அவன் மனைவி செவெல்மா. அவள் பேச்சுதான் எடுபட்டது. கூடாரத்துக்கும் வேனுக்கும் பொதுவாக ஒரு பேட்டரியும் வாங்கினார்கள்.

கூடாரமே பறந்துவிடும்போல் காற்று அடித்த நாட்களிலும் இறக்கைகள் அசையவில்லை. தம்தின் ஏறி கிரீஸ் தடவிவிட்டு இறங்கினான். பிறகு பக்கத்துக் கூடாரத்துச் சோய்ஜில் உப்புத் தேநீர் குடிக்க வந்து, தன் செங்குதிரை பந்தயத்தில் முதலில் வந்ததாகச் சொன்னபோது, விர்ரென்ற சத்தத்தோடு விளக்கு எரிந்தது. கோடை முடிவதற்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. விருந்தாளிகள் வாயைத் திறக்கும் முன் மேலே பார்த்தார்கள். குதிரைத் தரகர்கள் சுற்றுவழியில் போனார்கள். ஒரு குவளை குதிரைப்பால் கள்ளுக்கு எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்கிறேன் என்று சோய்ஜில் வந்து உட்கார்ந்தான். ஆனால் எதிராளி நம்ப வேண்டும் என்று சொல்கிற பொய்க்குத்தான் காற்றாடி மசிந்தது.

இலையுதிர் காலத்தில் தம்தின் வேனை எடுத்துக்கொண்டு அடிக்கடி நகரத்துக்குப் போகத் தொடங்கினான். உதிரிபாகம் தேடுவதாகச் சொன்னான். காற்றாடி சுற்றிய வேகத்தில் விளக்கு வெடித்தது. செவெல்மா சில்லுகளைப் பெருக்கிவிட்டுப் புது விளக்கை மாட்டினாள். அந்தப் பருவம் முழுக்கப் பேட்டரி நிறைந்தே இருந்தது. அவள் அவனுடைய மேலங்கியை முகர்ந்தாள், வேன் இருக்கையில் நீண்ட முடி தேடினாள். நகரத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த விதவையின் சிரிப்பு அவள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. "ரெண்டு கறி அப்பம் திங்கவா அவ்வளவு தூரம் போறான்? எனக்கென்னவோ சரியாப் படல, தங்கச்சி," என்று சோய்ஜிலும் தன் பங்குக்குச் சொல்லிவைத்தான்.

பால் கறந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"டவுன்ல யாரு இருக்கா?"

"யாருமில்ல."

காற்றாடி அசையவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"அப்புறம் எதுக்குப் போற? உடம்புக்கு ஏதாவதா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

இறக்கைகள் சுற்றின. இருவரும் அதைப் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

"நெஞ்சா?"

"இல்ல." காற்றாடி நின்றுவிட்டது.

"வயிறா?"

"இல்ல."

"கண்ணா?"

"இல்ல" என்றான் தம்தின். கூடாரத்துக்குள் டிவி தானாகப் பாட ஆரம்பித்தது.

பார்வை ஓரத்திலிருந்து இருண்டுவருவதாகவும், அது திரும்பாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். தெரிந்தால் அவள் மந்தையை விற்றுவிட்டு, நகரத்தில் இருந்த அவள் அண்ணன் வீட்டுக்குத் தன்னைக் கூட்டிப்போய்விடுவாள் என்று அவன் பயந்திருந்தான். "பாவி, நான் வேன் முழுக்க முடி தேடிக்கிட்டிருந்தேன்" என்று செவெல்மா மாட்டின் விலாவில் முகம் புதைத்து அழுதாள். மந்தையை விற்கவில்லை. வேன் ஓட்டக் கற்றுக்கொண்டாள், அதன் கூரைக்கு ஒரு சோலார் தகடும் வாங்கினாள். "இனி இந்தச் சனியன் எதுக்கு? கழட்டி எறி" என்றான் சோய்ஜில். அவள் கழற்றவில்லை, இடம் மாறும்போதெல்லாம் அதையும் கொண்டுபோய் நட்டாள். சம்பந்தம் பேசுகிறவர்களும் மாடு விற்கிறவர்களும் அதனடியில் வந்து பேசி முடிப்பது வழக்கமாகிவிட்டது. அதற்குள் தம்தினுக்குப் பார்வை முழுதாகப் போயிருந்தது.

பனி இறுகி மேய்ச்சலை மூடிய குளிர்காலம் ஒன்று வந்தது. தகடு பனிக்குள் புதைந்தது, ஆடுகள் நின்றபடியே செத்தன. செவெல்மா பட்டிக்குப் போய்விட்டு உள்ளே வந்து அடுப்பில் கையைக் காட்டிக் குளிர்காய்ந்தாள்.

"மந்தை எப்படி இருக்கு?" என்றான் தம்தின்.

"நல்லா இருக்கு. குட்டிங்ககூட."

வெளியே காற்றாடி சுற்றத் தொடங்கி, நெடுநேரம் சுற்றியது. ஓயும்வரை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு நகர்ந்து அவளுக்கு இடம் விட்டு, "பேட்டரி ஏறியிருக்கும். டிவியப் போடு, ஏதாவது பாட்டுக் கேப்போம்" என்றான்.

அவள் போட்டாள்.