எதிர்ப்பு சக்தி

அயலையின் வயிற்றைக் கீறி, குடலை விரலால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள் கிரேசி. கடியப்பட்டணத்து மீன்காரிகள் எல்லாரும் தலையில் மீன் சருவத்தோடு பஸ் ஏறிப் போய்விட்டார்கள். அவள் இன்று விற்கப் போகவில்லை. புருஷனைக் கவனித்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி நர்ஸ் ஷைஜாவுக்குக் குழம்பு வைக்க வேண்டும். நன்றியை வெறும் வாயால் சொல்லிவிட்டு வருவது அவளுக்கு ஒத்துவராது.

"ஆன்ட்ரூசுக்கு எப்பிடி இருக்கு?" வலையை உதறிக்கொண்டே மரியஜான் கேட்டார். அவள் புருஷன் ஆன்ட்ரூஸோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவர்.

"ரத்தப் புத்துநோய்க்கு என்னமோ டெஸ்டு எடுத்தாங்கல்லா அண்ணே, அதுல எதிர்ப்பு சக்தி ரொம்ப கூடுதலா இருக்காம். டாக்டரே சொன்னாரு."

"மாதாவே! அப்ப பொழச்சுக்கிடுவான்."

"பின்னே? கொரோனாவுக்கு இந்த சக்தி வேணும்னுதானே கபசுரத்த அந்தக் கசப்போட குடிச்சோம்!"

முந்தின நாள் வார்டில் டாக்டர் நின்றுகூடச் சொல்லவில்லை. மாணவர்களிடம் இங்கிலீஷில் பேசிவிட்டு, அவள் கேட்டதற்கு அந்த ஒரு வரியைத் தமிழில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்துத்தான் கிரேசி கும்பிட்டாள். சோறே வேண்டாம் என்று கிடந்த ஆன்ட்ரூஸ் அன்றைக்குக் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தான். அவள் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் குழம்புத் தூக்குவாளியை வாங்கிய ஷைஜா, "எதுக்கக்கா இதெல்லாம்?" என்று சிரித்தாள். கிரேசி காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

"அக்கா, எதிர்ப்பு சக்தி அண்ணனுக்கு இல்ல. அந்த நோய்க்கு. வள்ளத்துல ஏறுன தண்ணியக் கோரி வெளிய விடுவாங்கல்லா? அது மாதிரி, நாம ஏத்துத மருந்த அந்த நோய் வெளிய தள்ளுது."

"அப்ப இப்ப ஏத்துத அந்தச் செவப்பு மருந்து?"

"அதுக்கு இந்த நோய் கேக்காதுக்கா. வேற மருந்து உண்டு. நம்ம ஆஸ்பத்திரிக்கு அது வராது. கேட்டு எழுதியிருக்கு. அதுவரைக்கும் இதத்தான் ஏத்தணும்."

கிரேசிக்கு அந்த டாக்டர் மேல் ஆத்திரமாக வந்தது. இத்தனை பேர் நடமாடும் இடத்தில் இந்தப் பிள்ளை ஒருத்திதானே நின்று சொன்னாள் என்று நினைத்தபோது அழுகையும் வந்தது.

ஷைஜா தூக்குவாளியைத் திருப்பி நீட்டினாள். கிரேசி வாங்கவில்லை.

"நீ தின்னு மக்கா. ஒனக்குத்தான் வச்சேன். ஆண்டவர் ஒனக்கு ஒரு கொறையும் வைக்கமாட்டாரு."

முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் வார்டுக்குள் வந்தபோது, புதுச் சிவப்பு பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஆன்ட்ரூஸ் பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"நல்ல மருந்தாக்கும் இது. நம்மள மாதிரி ஆளுக்கும் தாறாங்களே, தோத்திரம்!"

கிரேசியைக் கண்டதும், "ஏட்டி, கைய இடிச்சிராத" என்றான். ஒரு சொட்டும் வீணாகிவிடக் கூடாதென்று கையை அசைக்காமல் நீட்டி வைத்திருந்தான்.