ஆரல்வாய்மொழியில் பெய்யாத மழை

ஆரல்வாய்மொழி செல்லபாயிக்கு மருமகள் பூங்கனியிடம் ஒரே ஒரு குறைதான். மேற்கே மலையில் மேகம் கறுத்தால் போதும், போட்டது போட்டபடி முற்றத்துக்கு ஓடி, காயப்போட்ட அவித்த நெல்லை அள்ளி வந்து வீட்டுக்குள் கொட்டிவிடுவாள். சிதறாலில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பக்கம் கறுத்த மேகம் பெய்யாமல் போகாது. இங்கேயோ ஆனி, ஆடியில் ஆளைத் தள்ளுகிற காற்றுதான் வரும். ஒரு சொட்டு மழை வராது. தெருவே அவளை மழைக்காரி என்று சொல்லிச் சிரித்தது.

"மேகத்தைக் கண்ட பிறவு கை நிக்க மாட்டேங்கு மாமி" என்பாள் பூங்கனி, பாவம்போல.

மகன் செல்வதாஸ் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததை எடுத்துவிடுவான். "கடல்காத்து ஈரத்தோட வருகும்மா. மலையில மோதி மேல ஏறும்போ குளிரும். குளிர்ந்தா ஈரம் மழையாட்டு விழும். கஞ்சிப்பானை ஆவி மூடியில பட்டுச் சொட்டுகில்லா, அது மாதிரி. அவளுக்க ஊருல எல்லாத்தையும் கொட்டிட்டு, இங்க வெறுங்காத்தாட்டு வருகு."

"பொண்டாட்டிக்கு நல்லா வக்காலத்து வாங்குலே" என்று நொடிப்பாள் செல்லபாய்.

ஒருநாள் பூங்கனி அப்படி அள்ளிக் குவித்த பாதி ஈர நெல், புழுங்கி நாறிவிட்டது. செல்லபாயின் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"உனக்க வீட்டுலயே போயி மழையைப் பாத்துட்டுக் கெட ஏட்டி!"

பூங்கனி போயேவிட்டாள். செல்வதாஸ் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. மாமி கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள்.

அதற்கப்புறம் நெல் நன்றாகத்தான் காய்ந்தது. ஆனால் மேகம் கறுக்கும்போதெல்லாம் செல்லபாயின் கண் வாசலுக்குப் போனது. ஓடிவர ஆளில்லாத முற்றத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. வீம்பையெல்லாம் மூட்டைகட்டிவிட்டு, சிதறாலுக்குப் போக மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினாள்.

சிதறாலில் சம்பந்தி வீட்டு முற்றம் நிறைய நெல் காய்ந்துகொண்டிருந்தது. பூங்கனி "வாருங்க மாமி" என்று சொன்னதோடு அடுக்களைக்குள் போய்விட்டாள். வழியெல்லாம் கூட்டிவைத்த வார்த்தையைச் சொல்லச் செல்லபாயிக்கு எதிரே ஆளில்லாமல் போனது. முற்றத்து ஓரம் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். வானம் கறுத்தது.

"மைனி, உள்ள வாருங்க. மழை வருகு" என்றாள் சம்பந்தி.

"இதெல்லாம் பெய்யாது மைனி" என்றாள் செல்லபாய், ஊர் ஞாபகத்தில், அசையாமல்.

சொல்லி வாய் மூடவில்லை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. "ஏட்டி, நெல்லு!" என்று சம்பந்தி அலறினாள். அடுக்களையிலிருந்து ஓடிவந்த பூங்கனி நெல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே வந்து ஓலைக்குடையை மாமியாரின் தலைக்குமேல் பிடித்தாள்.

"எழும்புங்க மாமி. தலையில தண்ணி எறங்கினா உங்களுக்கு ஆகாது."

"நெல்லு நனையுகேட்டி!"

"நெல்லு நாளைக்கும் காயும்."

செல்லபாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தப் பிள்ளையையா விரட்டினேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"வீட்டுக்கு வா மக்கா. அங்க மேகம் கறுத்தா நீ அள்ளு, நானும் உன்கூட அள்ளுகேன்" என்று சொல்லிக்கொண்டே, குடையைத் தள்ளிவிட்டு, கொட்டுகிற மழையில் சம்பந்தி வீட்டு நெல்லுக்குக் குனிந்தாள்.