நீலமேகத்தின் குளமும் சம்பூர்ணத்தின் ஊற்றும்

1

ஒரு மனிதரைக் கேலி செய்ய வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது. மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். வாசலில் நின்று துப்பினால் கடலில் விழும். (மிகை. எதிர்க்காற்றில் நம் முகத்திலேயே விழும்.) அங்கே, எழுபத்து நான்காம் வருஷம், கட்டுமரக்காரர் நீலமேகம் தன் வீட்டுக் கொல்லையில் மீன் விடக் குளம் வெட்டினார்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'அலைகள் தாலாட்டும் அந்த அழகிய கிராமத்திலே...'

அடித்துவிட்டேன். குப்பத்தில் அலை யாரையும் தாலாட்டுவதில்லை.

இரண்டாவது: 'நீலமேகத்துக்குப் புத்தி பிசகியது ஓர் அமாவாசையன்று.' இது இருக்கட்டும்.

2

அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. சும்மா இருந்த நீலமேகமும் கூட்டாளி பூவராகவனும் கோயில் பாறைப் பக்கம் போனார்கள். ஒரு வெள்ளைக்காரன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். மீன் மாட்டியது. முள்ளைக் கழற்றினான். மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தண்ணீரில் விட்டுவிட்டான்.

"மச்சான், புடிச்சத வுட்டுட்டான்டா!" என்றார் நீலமேகம்.

"கை நழுவி இருக்கும்."

"இல்லடா, முத்தம் குடுத்து வுட்டான்."

பூவராகவன் சிரித்துவிட்டு மறந்துபோனார். நீலமேகத்துக்கு மட்டும் மண்டைக்குள் விளக்கு எரிந்துவிட்டது. பிடித்ததை விடுகிறவர்களுக்கு மீன் தீராது. ஒரே மீனை எத்தனை வெள்ளைக்காரன் வேண்டுமானாலும் பிடிக்கலாம். கொல்லையில் ஒரு குளம், கரையில் நாலு நாற்காலி. போதும்.

"அவனுக்கு அம்மாம் பெரிய கடல் பத்தலியா?" என்று கேட்டாள் அவர் மனைவி சம்பூர்ணம்.

"கடலாண்ட நாற்காலி போட முடியுமாடி? அலை வந்து இஸ்துகினு பூடும்."

3

இங்கே ஊற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேலி கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

கடற்கரை மணலில் இடுப்பளவு தோண்டினால், இடம் வாய்த்தால், மழைத் தண்ணீர் தித்திப்பாகச் சுரக்கும். அதற்குக் கீழே கடலின் உப்பு படுத்திருக்கிறது. அதை எழுப்பக் கூடாது. குப்பத்துப் பெண்களுக்கு இது தெரியும், ஊற்று தோண்டுவது அவர்கள் வேலை. அந்தத் தெருவில் நல்ல தண்ணீர் சம்பூர்ணத்தின் கொல்லையில் மட்டும்தான். அவள் வீட்டுக்கும் அக்கம்பக்கத்து இரண்டு வீட்டுக்கும் போதும். அதனால்தான் அவள் மகள் கண்ணகி எட்டாவது படிக்கிறாள். மற்ற வீட்டுப் பெண்கள் ரோட்டைத் தாண்டிக் கிணற்றுக்குப் போய்க் குடத்தோடு திரும்புவதற்குள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிடும். கொஞ்ச நாள் தாமதமாகப் போவார்கள். அப்புறம் போக மாட்டார்கள்.*

* இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கதை நீலமேகத்தைப் பற்றியது.

ஊற்றுக்குப் பக்கத்திலேயே நீலமேகம் மண்வெட்டியைப் போட்டார்.

"யோவ், இடுப்போட நிறுத்து. கீழ உப்பு கீது."

"இடுப்புத் தண்ணில நண்டுதான் மேயும். மீனு ஆழத்துல கீது. கடல்ல பொறந்தவனுக்கே பாடமா?"

(இந்த இடத்தில் சம்பூர்ணத்துக்கு நீளமான வசனம் ஒன்று எழுதினேன். அவள் பேச மறுத்தாள். உள்ளே போய் அடுப்பை ஊதினாள்.)

இரண்டு ஆள் ஆழம் போனார். சரியும் மணலுக்குப் பனந்துண்டு அடித்தார். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்துச் சப்புக்கொட்டினார்.

"உப்பு! மீனுக்கு வேற இன்னா வேணும்?"

இந்தத் தவறைச் செய்ய ஒருவர் கடலிலேயே வளர்ந்திருக்க வேண்டும். சமவெளிக்காரனுக்கு வராது.

4

கடலிலிருந்து கொண்டுவந்து விட்ட மீனெல்லாம் மிதந்தது. ஓடியே பழகியதற்கு நிற்கும் தண்ணீர் ஆகவில்லை. "கொளத்துக்குக் கொளத்து மீன்தான்டா" என்று பூவராகவன் படாளம் ஏரிக்குப் போய்த் தகர டின்னில் விரால் கொண்டுவந்தார். செங்கல்பட்டில் பஸ் மாறும்போது கண்டக்டர் கேட்டாராம்: "உள்ள இன்னாய்யா குதிக்குது?"

"பொண்டாட்டி. கோச்சிக்கினு கீறா."

விராலைக் குளத்தில் விட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. காலையில் பார்த்தால் குளத்தில் ஒன்றுகூட இல்லை.

"கொழம்பு வச்சி துன்னுட்டியாடா?" என்றார் பூவராகவன்.

"த்தூ! ஏரி மீனையா? நாய்கூடத் துன்னாது!"

இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது சம்பூர்ணம் ஊற்றில் சொம்பை விட்டாள். கறுப்பாக ஒரு தலை எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டு அமுங்கியது. பின்னாலேயே இன்னொன்று. ஈர மணலில் ஊர்ந்து ஊர்ந்து, விராலெல்லாம் நல்ல தண்ணீருக்குக் குடிவந்திருந்தன.

"ஏரி மீனுக்குத் தெரிஞ்சிது பாரு" என்றாள் சம்பூர்ணம். அவள் பேசிய பெரிய வசனம் அதுதான்.

5

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்று: குளம் செழிக்கிறது. வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். பள்ளிக்கூட நேரத்தில் கண்ணகி நாற்காலி நாற்காலியாக டீ கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

இரண்டு: உப்பு ஊற்றுக்குள் ஏறுகிறது. கண்ணகி குடத்தோடு ரோட்டைத் தாண்டுகிறாள்.

மூன்று: நீலமேகம் மனம் திருந்திக் குளத்தை மூடுகிறார். (அவரை எனக்குத் தெரியும். திருந்தமாட்டார்.) ஆனால் எழுப்பிய உப்பு மறுபடி படுக்குமா? படுக்கிறவரை தண்ணீர்...

பாதியில் விட்டேன். எந்த முடிவிலும் கண்ணகியின் கை நிறைந்திருக்கிறது. நீலமேகத்தின் கையில் யோசனை மட்டும்தான்.

6

ஆகவே இதோடு நிறுத்துகிறேன்.

மழை விட்ட காலை. விரால்களை ஊற்றிலிருந்து தகர டின்னில் அள்ளிப் போட்டாயிற்று. சம்பூர்ணம் ஊற்றுக்குள் குனிந்து ஒரு கை தண்ணீர் எடுத்து வாயில் வைக்கிறாள். நீலப் பாவாடையும் பைக்கட்டுமாகக் கண்ணகி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னா, நல்லாத்தான கீது?" என்கிறார் நீலமேகம்.

சம்பூர்ணம் இன்னும் விழுங்கவில்லை.

அவள் நாக்கில் என்ன இருக்கிறது என்று நான் எழுதினால் உப்பு என்றுதான் எழுதுவேன். குடம் தூக்கி வளர்ந்த எனக்கு அந்த ருசிதான் தெரியும். அதனால் நீங்கள் எழுதுங்கள். உப்பு என்றே எழுதினாலும் சரி, குடத்தை மட்டும் நீலமேகத்தின் இடுப்பில் வைத்துவிட்டு எழுதுங்கள்.

சீக்கிரம். ரோட்டில் கண்ணகி பள்ளிக்கூடம் போகிற பஸ் வந்து நிற்கிறது.