இடது மோதிர விரல்

1

இக்கதை என்னுடையதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மூக்குக்கண்ணாடியின் திருகாணி கழன்ற ஒரு மாலையில் இது எனக்குக் கிடைத்தது.

மாடிவீட்டில் குடியிருக்கும் பெண், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்ப்பவள். "இதுக்குப் போய் கடைக்கு அலைவீங்களா சார், குடுங்க இங்க" என்று வாங்கி, என் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து திருகிக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாவிடில் எதிரில் இருப்பவர் முகம் எனக்கு வெறும் வெளிச்சத் திட்டு. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள் என்று இப்போது தோன்றுகிறது. திருகாணி எப்போதோ இறுகிவிட்டது. அவள் கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை, பேசிக்கொண்டே இருந்தாள்.

சொல்லி முடித்தபின், "நீங்கதான் கதையெல்லாம் எழுதுவீங்களே சார், இதையும் எழுதிப் பாருங்களேன்" என்றாள்.

"எழுதி?"

"நான் அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்ட மாதிரி எழுதுங்க. கேட்டுட்டு அவர் என்ன பதில் சொல்றாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஆக, எனக்கு இடப்பட்ட பணி கதை எழுதுவதன்று. ஒரு மனிதர் இன்னும் பேசாத ஒரு வாக்கியத்தை எழுதுவது. ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது. கண்ணாடி அவள் கையில் இருந்தது, ஒப்புக்கொண்டேன்.

2

நான் எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள் இரண்டு.

முதலாவது: "மனிதனின் விரலை மடக்கும் தசை விரலில் இல்லை, முழங்கைக்கு அருகில் இருந்துகொண்டு, நீண்ட நார்களின் வழியே அது விரலை இழுக்கிறது. பொம்மலாட்டக்காரன் திரைக்குப் பின்னால் நின்று…"

[கட்டுரை வாடை. விட்டுவிட்டேன். ஆயினும் ஒன்றை மட்டும் வாசகர் நினைவில் வைக்க வேண்டும்: அந்த நார் எலும்பை விட்டு விலகாதபடி, விரலுக்குள் சிறு வளையங்கள் அதை அணைத்துப் பிடித்திருக்கின்றன. பாறை ஏறுகிறவர்கள் உடலின் எடையை விரல் நுனியில் ஏற்றும்போது கிழிவது அந்த வளையம்.]

இரண்டாவது: "பல்லி சுவரிலிருந்து விழுந்ததாக எவரும்…"

[பல்லி என்பது அவள் கணவருக்கு நண்பர்கள் வைத்த பெயர். வீட்டிலும் அதே பெயர்தான். நல்ல தொடக்கமாகத்தான் தெரிந்தது. ஆனால் கதையில் அவர் விழவேயில்லை. அவள் பிடித்த கயிறு அவரை விழவிடவில்லை. பொய்யான வாக்கியத்தில் இக்கதையைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. பொய் இதில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.]

3

பல்லிக்குத் தொழில், செயற்கைப் பாறைச் சுவரில் ஏறுவழி அமைப்பது. கட்டணம் கட்டிப் பாறையேற்றம் பழகும் ஏற்றக்கூடத்தின் உயர்ந்த சுவரில் கயிற்றில் தொங்கியபடி, வண்ண வண்ணப் பிடிகளை முடுக்கி, வருகிறவர்களுக்குப் புதிர் போடுவார். தாம் முதலில் ஏறிப் பார்த்த பிறகே பிறரை ஏறவிடுவார். ஏற இயலாதவருக்கு அவ்வேலை இல்லை. அப்படி ஏறிப் பார்த்த ஒரு நாளில், சிறிய விளிம்பு ஒன்றைப் பற்றித் தொங்குகையில், அவருடைய வலக்கை மோதிர விரலின் வளையம் பாதி கிழிந்தது.

[தலைப்பில் இடது என்றிருக்கிறதே என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.]

மருத்துவர் மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்தார். பிறகு சிறிது சிறிதாகப் பலம் ஏற்றச் சொன்னார். அதற்காக வாங்கியதுதான் அந்தப் பலகை. படுக்கையறை வாசற்காலின் மேல் பொருத்தியிருந்ததை நான் துணி மாட்டும் பலகை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அதில் விரல் நுனி மட்டும் பதியக்கூடிய ஒரு விளிம்பு. உள்ளே, இழுவிசையை உணரும் கருவி இடப் பாதிக்கு ஒன்று, வலப் பாதிக்கு ஒன்று. பாதம் தரையில் படிந்திருக்க, முழங்காலை மடக்கி விரலால் தொங்கினால், எந்தக் கை எவ்வளவு சுமக்கிறது என்பது போனில் இரு கோடுகளாக எழும். மறுநாள் எவ்வளவு சுமக்க வேண்டும் என்பதை அதுவே கணித்து முடிவு செய்யும். இரண்டு கோடுகளும் தொடர்ந்து சமமாக நின்றால் திரை பச்சையாகி, இனி ஏறலாம் என்று அனுமதி தரும்.

காயம் பட்ட கையின் கோடு சிவப்பிலேயே நின்றது.

காலையில் பல் துலக்கியதும் தொங்குவார். கோடு எழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் கண்களை இறுக மூடிக்கொள்வார். நொடிகளை எண்ணுவது அவள் வேலை. பக்கத்தில் நின்று, ஒரு கையை வாசற்காலில் ஊன்றியபடி, உரக்க எண்ணுவாள்.

"என்ன சொல்லுது?" என்பார், கண்ணைத் திறக்காமலேயே.

"நேத்து மாதிரிதான்."

"நேத்து மாதிரியா, நேத்தைவிடக் கம்மியா? சரியாச் சொல்லு, கண்ணாடிக்காரி."

"ஒரு பொடி கம்மி."

அதன்பின் அன்று முழுவதும் இவ்வளவுதான்: தட்டில் போட்டதை உண்பார்; எழுந்து கழுவிவைப்பார்; சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். ஏற்றக்கூடத்திலிருந்து யாரேனும் அழைத்தால் போனைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிடுவார்.

4

ஒரு காலை அவள் தன் இரண்டு விரல்களைப் பலகையின் ஓரத்தில் வைத்தாள்.

திட்டமிட்டதன்று. வாசற்காலில் ஊன்றியிருந்த கை சற்று மேலே போயிற்று, அவ்வளவே. அவருடைய காயம்பட்ட விரலுக்கு ஒரு சாண் தள்ளி, அதே விளிம்பில், அவள் விரல்கள். மெல்லக் கீழே அழுத்தினாள். சிவப்புக் கோடு ஒரு நூல் உயர்ந்தது. "ஏழு" என்று எண்ணி முடித்துக் கையை எடுத்துக்கொண்டாள்.

அவர் கண்ணைத் திறந்தார். போனை எடுத்து, திரையில் வந்திருந்த வாசகத்தை மேடைப் பேச்சாளரைப் போல உரக்கப் படித்தார்: "நேற்றைவிட இன்று நீங்கள் வலிமையானவர்! கேட்டியா? இன்னொரு தடவை சொல்லவா?"

"ஊருக்கே கேட்டாச்சு. வந்து காபியைக் குடி."

அன்று அவர் பாடிக்கொண்டே குளித்தார். அந்தக் குரல் கீழே எனக்கும் கேட்டது. பாவம், சுருதி சேரவில்லை.

இங்கேதான் இயந்திரத்தின் அறிவு குறுக்கே வந்தது. ஏறிய கோட்டை அது உண்மையென்று நம்பி மறுநாளின் சுமையை உயர்த்தியது. அவள் கையை எடுத்தால் கோடு முன்னைவிடப் பள்ளத்தில் விழும். ஆகவே மறுநாளும் வைத்தாள். சற்று அதிகமாக அழுத்தினாள். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். கடையில் கண்ணாடிச் சட்டங்களைத் துடைக்கும்போது அவள் விரல்கள் விண்ணென்று வலித்தன.

"நீ பக்கத்துல நின்னு எண்ணினாத்தான் என் விரலுக்குப் பலமே வருது" என்றார் அவர் ஒரு நாள். அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

5

[இவ்விடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். பாத்திரத்தின்மேல் எனக்கு ஐயம் வந்துவிட்டது. கண் பரிசோதனையின்போது எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு ஒப்பிப்பவர்களை இவள் எப்படிக் கடிந்துகொள்வாள் என்பதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன், என்னையே கடிந்திருக்கிறாள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க சார். ஊகிச்சுச் சொன்னா தப்பான கண்ணாடியைத்தான் மாட்டிக்கிட்டுப் போவீங்க." இப்படிப்பட்டவள் ஓர் அளவுகருவியை ஏய்ப்பாளா? வாசகர் நம்புவாரா? மாடிப்படியில் மறித்துக் கேட்டேவிட்டேன்.

"கடைக்கு வர்றவங்க முகம் வாடினா எனக்கென்ன சார்? அவங்களோடயா நான் ஒரே வீட்டுல இருக்கேன்?" என்றாள்.

ஐயம் நீங்கியது. தொடர்கிறேன்.]

6

திரை பச்சையானது. மருத்துவரும் அந்தக் கோடுகளைப் பார்த்துத் தலையசைத்தார். மறுநாளே ஏற்றக்கூடம். எப்போதும்போல் அவர் ஏற, கீழே நின்று கயிறு பிடிப்பவள் அவள்.

அவர் இடுப்பில் கயிற்று முடிச்சைச் சரிபார்க்கும்போது, "இன்னிக்கு வேணாமே. சும்மா பெரிய பிடியா இருக்கிற சுவர்ல ஏறிட்டுப் போயிடலாம்" என்றாள்.

"பச்சை விழுந்தப்புறம் வண்டியை நிறுத்தச் சொல்றியே!"

"விளையாடாதே பல்லி. மெஷினுக்கு என்ன தெரியும்?"

"உனக்கும் எனக்கும் தெரியாததெல்லாம் அதுக்குத் தெரியும்" என்றார் அவர். பிடி வழுக்காதிருக்கச் சுண்ணத்தூளைக் கையில் தேய்த்துக்கொண்டு சுவரில் கால் வைத்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். அவர் இரண்டாள் உயரம் போய்விட்டார். பாதிச் சுவரில், கட்டைவிரல் அகலமே உள்ள ஒரு விளிம்பை அவர் பற்றி உடலை மேலே இழுத்தபோது அந்தச் சத்தம் வந்தது. உரத்ததன்று, புதுச் சட்டையின் பொத்தான் தெறிப்பதைப் போல. கூடத்தின் அத்தனை இரைச்சலையும் தாண்டி அவளுக்கு அது கேட்டது. கயிறு இறுகியது. அவர் அந்தரத்தில் தொங்கியபடி தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெல்ல இறக்கினாள். தரையில் கால் பட்டதும் அவர் சொன்னது ஒன்றே ஒன்று:

"கயிறை நல்லா பிடிச்சே."

7

இப்போது அவர் அதே கூடத்தின் முகப்பில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் காலளவு பார்த்துக் காலணி எடுத்துத் தருகிறார். அவர் அமைத்த வழிகளைக் கழற்றிவிட்டு வேறொருவர் புதிய வழிகளை அமைக்கிறார். வளையம் முழுவதும் அறுந்துவிட்டது. அறுவை செய்தால் பிடி பெரும்பாலும் திரும்பும் என்கிறார் மருத்துவர். பல்லி மறுத்துவிட்டார்.

"மெஷின் மேல தப்பில்ல. கம்பெனிக்காரன் சோதிச்சுப் பார்த்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னுட்டான். என் விரல்தான் என்னை ஏமாத்திடுச்சு. அத்தனை நாள் முடியும் முடியும்னு சொல்லிட்டு, மேலே போனதும் கைவிட்டுடுச்சு. திரும்ப அதைச் சரிபண்ணி வச்சுக்கிட்டு என்ன செய்ய? எந்தத் தைரியத்துல அதை நம்பிச் சுவர்ல கை வைக்கிறது?"

வாசகரே, அவளுடைய இக்கட்டு இதுதான். உண்மையைச் சொன்னால், அவர் விரல் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும், அறுவைக்கும் இசையக்கூடும். ஆனால் அந்த விரலை மீண்டும் நம்புகிற கணத்தில், கயிறு பிடித்தவளை அவர் நம்ப முடியாமற் போகும். இரண்டில் எதை அவரிடம் விட்டுவைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பலகையைக் கழற்றிவிட்டார்கள். வாசற்காலில் ஆணித்துளைகள் மட்டும் இருக்கின்றன. அவள் அவ்வழியே குனிந்து போகிறாளாம், குனியத் தேவையில்லாத உயரம்தான் என்றாலும்.

8

ஒப்புக்கொண்ட பணி மிச்சமிருக்கிறது. அவள் சொல்கிறாள்: "பல்லி, அந்தக் கோட்டை ஏத்தினது உன் விரல் இல்ல. நான்." அவர் பதில் என்ன?

எழுதிப் பார்த்தது: "என் விரல் விஷயத்துல நீ ஏன் கையை நுழைச்சே!" என்று அவர் கத்துகிறார், கதவு அறைகிறது, பாத்திரம்…

[அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோபத்தை அவர் கழுவி, துடைத்து, கவிழ்த்துவைக்கிறவர். கதவை அறைந்தது என் பேனா.]

எழுதிப் பார்த்தது: அவர் சிரிக்கிறார். "அட லூசு, இதுக்கா இத்தனை நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தே?"

[எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுவே இதில் உள்ள குறை. கிழிந்தது என் விரலாக இல்லாததால், மன்னிப்பது எனக்கு எளிதாக இருக்கிறது.]

எழுதிப் பார்த்தது: அவரும் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். வலி இருக்கிறதா என்று பலகை நாள்தோறும் போன் திரையில் கேட்டதற்கெல்லாம், இருந்தபோதும் இல்லையென்றே அழுத்தினாராம். ஆக, இருவருமே அதனிடம் பொய் சொன்ன…

[கணக்கு அழகாக நேராகிவிடுகிறது. அவள் சுமை பாதியாகிவிடுகிறது. ஆனால் அவர் உண்மையாகவே அப்படிச் செய்தாரா என்பது எனக்குத் தெரியாது. அவள் பலகையின் ஓரத்தில் விரல் வைத்ததும், நான் இந்த வாக்கியத்தை இங்கே வைப்பதும் ஒரே காரியம். இல்லாத பலத்தைக் காட்டி ஒருவரை மேலே அனுப்புவது. அடித்துவிட்டேன்.]

9

முடிவில்லாத பிரதியை நேற்று அவளிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். இம்முறை என் கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது; ஆயினும் நான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்கு சார். ஒரே ஒரு தப்பு. வலது கை இல்ல. இடது."

"தெரியும்மா. வேணும்னுதான் மாத்தினேன். நாளைக்கு இது அச்சுல வந்து, உன் வீட்டுக்காரர் கண்ணுல பட்டுதுன்னா? கடையைக்கூடத் துணிக்கடையா மாத்தலாம்னு இருக்கேன். பல்லிங்கிற பேரையும்…"

"எதையும் மாத்தாதீங்க."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"இடதுன்னே போட்டுடுங்க சார். படிக்கிறப்ப இது தன் கதைதானான்னு அவருக்குச் சந்தேகமே வரக்கூடாது."

தலைப்பையும், மேலே அதைப் பற்றிய அடைப்புக்குறிப்பையும் நேற்றே எழுதினேன். வலக்கை என்று வரும் இடத்தை மட்டும் திருத்தவில்லை; நான் ஒளிக்கப் பார்த்ததும் தெரியட்டும். வாசகர்கள் இடது என்று படித்துக்கொள்ளவும்.

"ஆனா அந்தப் பதிலை என்னால எழுத முடியலையேம்மா. மூணு தடவை எழுதினேன். மூணும் என் பதில்தான், அவரோடது இல்ல."

அவள் தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டி, மேசைமேல் வைத்தாள். படியேறப் போனவள் திரும்பினாள்.

"அந்த இடத்தை அப்படியே விட்டுடுங்க. அவர் எழுத்து கொஞ்சம் பெருசு சார். தாராளமா விடுங்க."

விட்டிருக்கிறேன். மற்ற வாசகர்கள் பொறுத்தருள்க. இது உங்களுக்கான இடமன்று.

"பல்லி, அந்தக் கோட்டை ஏத்தினது உன் விரல் இல்ல. நான்."

"