கட்லர் ஏற்றத்தில் ஹீட்டர்

கட்லர் ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு மஞ்சள் பலகை இருக்கிறது. அதைப் பார்த்ததும் ஹீட்டரை முழுக்கத் திருகிவிட்டு ஜன்னல்களை இறக்குவது பக்கத்து சீட்டில் இருப்பவரின் வேலை. ஆகஸ்ட் வெயிலிலும் அப்படித்தான். இன்ஜினின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொண்டால்தான், கெட்டில்மன் வீட்டுப் பழைய பிக்கப் ஒரு ட்ரெய்லர் மாடுகளை மூச்சு முட்டாமல் உச்சிவரை இழுக்கும். அரைமணி நேரம் உள்ளே இருப்பவர்கள் வெந்துகொண்டிருப்பார்கள்.

அந்த வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் இந்த வியர்வையில்தான் நடந்திருக்கிறது. கல்யாணத்துக்குச் சம்மதம் என்று மார்வா ராய்ஸிடம் சொன்னது இங்கேதான். தனக்கு நெஞ்சுவலி இருப்பதை ராய்ஸின் அப்பா ஒப்புக்கொண்டதும் இங்கேதான். கல்லூரி வேண்டாம், மாடுகளோடு இருந்துகொள்கிறேன் என்று டெஸ்ஸா சொன்னபோது அவளுக்குப் பதினெட்டு வயது. உச்சிக்கு வந்த பிறகுதான் ராய்ஸ், "சரி, அப்படின்னா சீக்கிரம் எந்திரிக்கப் பழகு" என்றார்.

ராய்ஸ் பேச்சுக்காரர் அல்ல. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் ஏதாவது ஒரு வண்டியின் அடியில் படுத்திருப்பார். சமதளத்தில் வண்டி ஓட்டும்போது புல்லைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசுவார். மற்ற பேச்சுக்கு ஏற்றத்தில்தான் மாட்டுவார். கண்ணை ரோட்டில் வைத்திருக்க வேண்டியதால் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. இன்ஜின் போடும் இரைச்சலில், சொல்வதில் பாதி அதற்குப் போய்விடும். மீதியைச் சொல்வது அவ்வளவு கடினமில்லை.

டெஸ்ஸாவுக்கு இப்போது இருபத்தாறு வயது. இந்த முறை சொல்லவேண்டியது இதுதான்: அவளும் நெல்ஸ் ட்வெட்டும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள்.

நெல்ஸ் பக்கத்துப் பண்ணைக்காரர் ஓரினின் மகன். ஓரினும் ராய்ஸும் முப்பது வருட நண்பர்கள். பனியில் மாட்டிக்கொண்ட மாடுகளை ஒருவருக்கொருவர் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒருவர் ஒரு கம்பெனியின் டீசல் பிக்கப் வைத்திருந்தார், மற்றவர் வேறு கம்பெனி. அந்த ஒரு விஷயத்தில் இருவரும் கண்ணில் படும்போதெல்லாம் குத்திக்கொள்வார்கள். தன் பெண்ணின் கல்யாணச் செய்தியை ஓரின் வாயால், ஏலச்சந்தையில் பத்துப்பேர் நடுவில் கேட்க நேர்ந்தால், ராய்ஸ் சிரித்துக்கொண்டுதான் நிற்பார். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று டெஸ்ஸாவுக்குத் தெரியும். அதைப் பார்க்க அவள் விரும்பவில்லை.

அதனால் அவளும் நெல்ஸும் போன மாதமே பேசி வைத்திருந்தார்கள். சந்தைக்கு மாடு கொண்டுபோகும் நாளில், ஏற்றத்தில், அவள் தன் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். அவன் தன் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். உச்சிக்கு வரும்போது இரண்டு வீட்டுக்கும் தெரிந்திருக்கும். யாருக்கும் யாரும் முந்தினதாக இருக்காது.

கணக்கு சரிதான். பழைய பிக்கப்பை வைத்துப் போட்ட கணக்கு, அவ்வளவுதான்.

புதியது போன வாரம் வந்தது. இரண்டு வருடமாக ராய்ஸ் அதன் விளம்பரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு காலைச் சாப்பாடு சாப்பிட்டார். முட்டையின் மஞ்சள் கரு பட்டு ஒரு பக்கம் ஒட்டிப்போயிருந்தது.

"எங்கப்பாவோட மொத டீசல் நானூறுகூட இல்ல, மார்வா. இது ஆயிரத்தத் தாண்டுது" என்றார் வண்டி வந்த அன்று.

"என்ன ஆயிரம்?" என்றாள் மார்வா. முட்டி அறுவை சிகிச்சை முடிந்து காலை நாற்காலியில் நீட்டியிருந்தாள்.

"முறுக்கு விசை."

"அத வெச்சு என்ன பண்றது?"

"வீட்டையே பேத்துக்கிட்டுப் போலாம்."

"வீட்ட விடு. நாலு வருஷமா அந்தக் கோழிக்கூட்டத் தள்ளி வைன்னு சொல்றேன்."

அன்று சாயங்காலமே ராய்ஸ் கோழிக்கூட்டைச் சங்கிலி போட்டு இழுத்துவைத்தார். உள்ளே இருந்த கோழிகளுக்கு நகர்ந்ததே தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சந்தைக்குப் போகும் காலையில் இருபத்திரண்டு காளைக்கன்றுகள் ட்ரெய்லரில் ஏறின. பழைய வண்டி என்றால் பதினாலோடு நிறுத்திவிட்டு, திரும்பி வந்து இன்னொரு நடை போவார்கள். கதவைச் சாத்திய ராய்ஸ் ஒரு நிமிடம் நின்று மொத்தத்தையும் பார்த்தார். தொட்டிலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

கிளம்பும்போது மார்வா ஜன்னல் பக்கம் நொண்டிக்கொண்டே வந்து டெஸ்ஸாவின் தோளைத் தட்டினாள். அவளுக்கு விஷயம் தெரியும். "மேட்டுல சொல்லிடு" என்று மட்டும் சொன்னாள்.

"என்ன சொல்லணும்?" என்றார் ராய்ஸ்.

"மெதுவாப் போங்கன்னு" என்றாள் மார்வா.

வழியில் ராய்ஸ் மூன்று முறை கண்ணாடியில் பார்த்தார். "ட்ரெய்லர் வருதா இல்ல வீட்லயே நிக்குதான்னு பாக்குறேன். பின்னாடி ஒண்ணும் இருக்கற மாதிரியே தெரியலம்மா." சின்னப் பையனைப்போல் சிரித்தார். டெஸ்ஸாவுக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கும் இந்த வண்டி பிடித்துத்தான் இருந்தது. உள்ளே அவ்வளவு அமைதி. பின்னால் ஒரு கன்று குளம்பை மாற்றி வைப்பதுகூடக் கேட்டது.

பெட்ரோல் பங்கில் வாங்கிய காபி கொதித்தது. மூடியைத் திறந்து ஆறட்டும் என்று வைத்தாள். உச்சிக்குப் போகும்போது கடைசி வாய் குடிப்பது வழக்கம்.

மஞ்சள் பலகை வந்தது. அவள் கை தானாக ஹீட்டர் குமிழுக்குப் போனது.

"ஐயோ, இதுக்கு அதெல்லாம் வேண்டாம்" என்றார் ராய்ஸ், பெருமையோடு. "பாரு இப்ப."

காலை அழுத்தினார். வண்டி ஏற்றத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. சமதளத்தில் வந்த அதே வேகத்தில் ஏறியது. வழக்கமாக ஒவ்வொன்றாக வந்து போகும் பைன் மரங்கள் கும்பலாக வந்து கும்பலாகப் போயின. டெஸ்ஸா தன் முதல் வாக்கியத்தை மனதில் எடுத்து வைத்தாள். அப்பா, நெல்ஸ் இருக்கான்ல. அதை வெளியே விடப் பார்த்தாள். இரைச்சல் இல்லாத அந்த உள்ளறையில் அது மேஜைமேல் வைத்த பாத்திரம்போலத் தனியாகத் தெரியும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

காபியைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சுட்டது.

"அங்க பாரு யாரு போறதுன்னு" என்றார் ராய்ஸ்.

முன்னால், ஓரத் தடத்தில், ஓரினின் பிக்கப் கரும்புகை விட்டுக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. அவர்கள் அரைமணி முன்பே கிளம்பியிருந்தார்கள். இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன. நெல்ஸின் முழங்கை வெளியே நீட்டியிருந்தது. உள்ளே ஹீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். நெல்ஸ் சொல்லிவிட்டானா, சொல்லிக்கொண்டிருக்கிறானா? அவனுக்கு இன்னும் முக்கால் மலை இருக்கிறது. தனக்கு ஐந்து நிமிடம்கூட இருக்காது.

ராய்ஸ் வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவின் மைக்கை எடுத்தார். "ஓரின், எறங்கித் தள்ளணும்னா சொல்லுய்யா. பொண்ண அனுப்பறேன்."

கரகரவென்று பதில் வந்தது. "போய்யா போ. அது வண்டியில்ல, சோபா. தூங்கிடப் போற."

ராய்ஸ் பக்கத்துத் தடத்தில் ஏறித் தாண்டினார். தாண்டும்போது ஹாரனை ஒரு தடவை, செல்லமாகத் தட்டினார். டெஸ்ஸா திரும்பி நெல்ஸைப் பார்த்தாள். அவன் முகம் வியர்த்திருந்தது. லேசாகத் தலையை ஆட்டினான். இன்னும் இல்லை.

சிவப்புப் பாறை தெரிந்தது. அதைத் தாண்டினால் ஏற்றத்தில் பாதிதான் மிச்சம். இந்த வேகத்தில் அது ஒரு பாட்டு முடியும் நேரம்.

அவள் கை மறுபடியும் ஹீட்டர் குமிழுக்குப் போனது. எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டாள்.

ராய்ஸ் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

அதன்பின் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வேகம் இறங்கியது. ஓரத் தடத்துக்கு ஒதுங்கி எச்சரிக்கை விளக்குகளைப் போட்டார். இன்னும் இறங்கியது. எந்தப் பழைய வண்டியும் இவ்வளவு மெதுவாக இந்த மலையில் ஏறியிருக்காது. பிறகு கையை நீட்டி ஹீட்டரைக் கடைசிவரை திருகினார். நான்கு ஜன்னல்களையும் இறக்கினார்.

சூடான காற்று இருவர் முகத்திலும் அடித்தது.

"என்னப்பா ஆச்சு? சூடாயிடுச்சா?"

"இல்ல" என்றார் ராய்ஸ். கண் ரோட்டிலேயே இருந்தது. "ஆகட்டும்."

பைன் வாசனையும் டீசல் வாசனையும் மாட்டு வாசனையும் உள்ளே வந்தன. வண்டிக்குள் இப்போது காற்றின் சத்தம் இருந்தது. டெஸ்ஸாவின் கழுத்தில் முதல் வியர்வைத்துளி இறங்கியது.

"அப்பா, நெல்ஸ் இருக்கான்ல."

"எந்த நெல்ஸ்?"

"நமக்கு எத்தன நெல்ஸ் தெரியும்?"

"ம்."

"நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

ராய்ஸ் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை மாற்றினார். ஒரு மரம் வந்தது, போனது. இன்னொன்று வந்தது.

"ட்வெட் வீட்டுக்கா?"

"ட்வெட் வீட்டுக்கு இல்ல. நெல்ஸுக்கு. மேல வடக்கு மேய்ச்சல்ல வீடு போடறோம். நம்ம வேலியிலேர்ந்து பாத்தா சமையல்கட்டு தெரியும். காலைல நான் இங்கதான் வேலைக்கு வருவேன்."

"சீக்கிரம் எந்திரிக்கணும்."

"பழகிடுச்சு."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். நெற்றியில் தொப்பி பதிந்த கோடு இருந்தது. அதைச் சட்டைக்கையால் துடைத்தார். துடைத்தது நெற்றியை மட்டுமல்ல. டெஸ்ஸா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். ஏற்றத்தில் அதுதான் முறை.

"உங்கம்மாவும் இந்தப் பாறைகிட்டதான் சொன்னா" என்றார். "நான் பதில் சொல்றதுக்குள்ள ரேடியேட்டர் வெடிச்சிடுச்சு. ரெண்டு பேரும் ரோட்டோரம் உக்காந்து சாயங்காலம் வரைக்கும் சிரிச்சோம்." கொஞ்சம் பொறுத்து, "நல்ல பையன்தான். மாட்டு மேல கை வெக்கறப்ப மெதுவா வெக்கறான்."

"அவ்ளோதானா?"

"அதுக்கு மேல என்ன வேணும்? ஒண்ணே ஒண்ணு. அந்தக் கம்பெனி வண்டியோட என் வாசலுக்கு வரக்கூடாது."

"அப்ப நடந்துதான் வருவான்."

"நல்லது. நடக்கட்டும்."

பின்னால் பழக்கமான ஓர் உறுமல் கேட்டது. டெஸ்ஸா கண்ணாடியில் பார்த்தாள். கரும்புகை, அதன் முன்னால் ஓரினின் பிக்கப். உறுமிக்கொண்டு, குலுங்கிக்கொண்டு, ஆனால் அவர்களைவிட வேகமாக வந்துகொண்டிருந்தது.

"அப்பா, அவரு தாண்டப் போறாரு."

"தெரியுது."

ராய்ஸின் கால் அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினால் போதும். ஆயிரத்துக்கு மேற்பட்ட அந்த விசை அவர் பாதத்துக்கடியில் சும்மா கிடந்தது.

ரேடியோ கரகரத்தது. ஓரினின் குரலில் பத்து வயது குறைந்திருந்தது. "ராய்ஸ், என்னய்யா ஆச்சு? லைட்டெல்லாம் போட்டுக்கிட்டு. ஜன்னல்லாம் தெறந்து கெடக்கு. ஹீட்டரா ஓடுது? புதுசுல ஹீட்டரா?"

நெல்ஸின் ஜன்னல் பக்கத்தில் வந்தது. அவன் டெஸ்ஸாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று. அவன் தன் அப்பாவைக் காட்டி, இவரிடம் எப்படிச் சொல்வது என்பதுபோல் கையை விரித்தான்.

ராய்ஸ் மைக்கை எடுத்தார். அவர் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். டெஸ்ஸா அவரையே பார்த்தாள்.

"கொஞ்சம் சூடாயிடுச்சுய்யா" என்றார். "நீ போ."

ஓரின் சிரித்த சிரிப்பில் ரேடியோ விசிலடித்தது.

டெஸ்ஸா காபியை எடுத்துக் குடித்தாள். சரியான சூட்டில் இருந்தது. பாதியை அப்பாவிடம் நீட்டினாள்.

ஏலச்சந்தையின் சாப்பாட்டுக்கடைக்கு அவர்கள் போனபோது ஓரின் ஏற்கெனவே நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தார். ஒரு கையில் முள்கரண்டி, அதன் முனையில் ஆப்பிள் பை பலகாரத்தில் ஒரு துண்டு.

"ஊர்ந்துச்சுய்யா. நத்தை மாதிரி. நாலு ஜன்னலும் தெறந்து, அப்பனும் பொண்ணும் உள்ள வெந்துக்கிட்டிருக்காங்க. என் வண்டி மூணு லட்சம் மைல் ஓடினது. அது தாண்டுது. நான் என் வண்டியையே கேக்கறேன், கெழவி, உனக்கே இது நியாயமான்னு."

மேஜைகளில் சிரிப்பு பரவியது. ராய்ஸும் சிரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தார். டெஸ்ஸா அந்தச் சிரிப்பை உற்றுப் பார்த்தாள். அவள் பயந்த சிரிப்பு இல்லை அது. பணிப்பெண்ணிடம் ஆப்பிள் பை கேட்டார், ஐஸ்கிரீமோடு. ஓரின் இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை அவர் கதையில் ராய்ஸின் வண்டியிலிருந்து ஆவியும் வந்தது. ராய்ஸ் அதையும் மறுக்கவில்லை.

ஓரின் களைத்துப்போய் உட்கார்ந்தார். "ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறியேய்யா. வாயில என்ன?"

"பை" என்றார் ராய்ஸ். விழுங்கிவிட்டு நெல்ஸ் பக்கம் திரும்பினார். நெல்ஸ் தன் காபிக் கோப்பைக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தான். "என்ன தம்பி, மேட்டுல அப்பாகிட்ட பேச முடிஞ்சுதா?"

"அவரு பேசவே விடல."

"என்னடா பேசணும்?" என்றார் ஓரின்.

நெல்ஸ் டெஸ்ஸாவைப் பார்த்தான். கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு அங்கேயே, கெட்சப் பாட்டிலுக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில், ஹீட்டர் எதுவும் இல்லாமல் சொல்லி முடித்தான்.

ஓரின் அவனைப் பார்த்தார், டெஸ்ஸாவைப் பார்த்தார். முள்கரண்டி அவர் கையிலேயே இருந்தது. கண் நனைந்து, டெஸ்ஸாவின் கையைப் பிடித்து ஆட்டினார், விடாமல் ஆட்டினார். பிறகு ஏதோ உறைத்தது. மெதுவாக ராய்ஸ் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்பய்யா தெரியும்?"

ராய்ஸ் ஐஸ்கிரீமைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கினார்.

"என்னத் தாண்டிப் போனியே," என்றார், "அப்ப."