அச்சரப்பாக்கத்து இந்தி

அருளப்பனுக்கு இந்தி தெரியும் என்பதில் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் பம்பாயில் ஒரு லேத் பட்டறையில் ஒரு வருஷத்துக்கும் குறைவாக இருந்துவிட்டு, மஞ்சள் காமாலையோடு அச்சரப்பாக்கத்துக்குத் திரும்பியவர் அவர். காமாலை கீழாநெல்லியில் இறங்கிவிட்டது. இந்தி மட்டும் இறங்கவே இல்லை.

அதற்குப் பிறகு கல்யாண வீடோ சாவு வீடோ, வடநாட்டுப் பேச்சு வந்தால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவரும் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். ஒருமுறை அணுபுரம் குவார்ட்டர்ஸுக்குக் கம்பளி விற்க வந்த ஆளிடம் அவர் முழுதாக ஒரு வாக்கியம் இந்தியில் பேசினார். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தமிழ்லயே சொல்லு சார்" என்றான். அதைப் பார்த்த ஒரே சாட்சி அந்த குவார்ட்டர்ஸில் இருந்த மச்சான் பெண்டாட்டி ஜெசிந்தா. புருஷனிடம் சொன்னாள். "அவன் நேப்பாளியா இருப்பான்" என்று ஞானதாஸ் அந்த வழக்கை அங்கேயே முடித்துவிட்டான். அருளப்பன் அவனுடைய அக்கா புருஷன். அக்கா புருஷனை எடை போடுகிற தராசு ஞானதாஸிடம் கிடையாது.

இரண்டாயிரத்து மூன்று ஜூன் மாதம் அந்த இந்திக்கு நல்ல காலம் பிறந்தது. ஞானதாஸின் மகள் சிநேகாவுக்கு ஜார்க்கண்டில் ஒரு அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஞானதாஸ் அணுமின் நிலையத்தில் ஃபிட்டர். அவன் அப்பா செய்யூர் பக்கம் அடுத்தவன் தோப்பில் சவுக்கு வெட்டியவர். அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு பெண் ரயிலில் இரண்டு ராத்திரி தள்ளியிருக்கிற காலேஜுக்குப் போகிறாள் என்றதும் குவார்ட்டர்ஸே வந்து கை குலுக்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அருளப்பன் பஸ் ஏறி வந்து இறங்கினார், கையில் ரயில்வே கைட், கக்கத்தில் ஒரு மடித்த இந்தியா படம்.

"ஜார்க்கண்டுன்னா இன்னான்னு நெனச்சிகினுகீறே நைனா? அது பீகாரு. பேரு மாத்தி வெச்சிகீறானுங்க. நம்ம பாஷ அங்க ஒரு டம்ளர் தண்ணி வாங்கித் தராது."

"அதான் நீ கீறியே மாமா" என்றான் ஞானதாஸ்.

இந்தப் பதிலுக்காகத்தான் அவர் அச்சரப்பாக்கத்திலிருந்து வந்திருந்தார். படத்தைத் தரையில் விரித்துத் திட்டம் போட ஆரம்பித்தார். சென்ட்ரலில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், விஜயவாடாவில் நாஸ்தா வாங்கலாமா கூடாதா, பெட்டியை எந்தச் சங்கிலியால் எந்தக் கம்பியில் கட்டுவது, செருப்பைக் கழற்றி எங்கே வைத்துக்கொண்டு தூங்குவது, எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு இருந்தது. காலேஜைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ரயிலை விட்டு இறங்கியதும் கைதட்டல் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

"அங்க போயி இன்னாண்ணா பாப்பீங்க?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"காலேஜப் பாப்போம்."

"காலேஜ்ல இன்னா?"

"கட்டடம் கீது, லேபு கீது. இன்னாம்மா கேள்வி இது?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். இந்த இரண்டு பேரும் ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். பெரிய இடம் என்பார்கள். டீ சரியில்லை என்பார்கள். தன் பெண் நாலு வருஷம் குளிக்கப் போகிற அறைக்குக் கதவு இருக்கிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்க இவர்களுக்குத் தோன்றப்போவதில்லை. ஜெசிந்தாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அவள் ஒன்றும் வேலையில்லாமல் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டிருக்கவில்லை. செங்கல்பட்டில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அவள் தங்கிய விடுதியில் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு காலால் கதவை அழுத்திக்கொண்டு மறு காலில் நின்று குளிக்க வேண்டும். காவல்காரன் ஒரு நாள் தெரியாமல் கதவைத் தள்ளினான். அடுத்த வாரமும் தெரியாமலே தள்ளினான். அந்த வருஷத்தோடு ஜெசிந்தா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கணக்கு வரவில்லை, அதனால் படிப்பை விட்டுவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். கல்யாணமான புதிதில் ஞானதாஸிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். "ஒரு தாப்பாவுக்கா படிப்ப வுட்டே?" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

அந்த மகாராசன் ஃபிட்டர் வேறு. அவன் வீட்டுப் பாத்ரூம் தாழ்ப்பாள் ஈஸ்டருக்கே கழன்று விழுந்துவிட்டது. குவார்ட்டர்ஸ் ஆபீசில் சொன்னால் ஆள் வந்து போட்டுவிட்டுப் போவான். "ஃபிட்டர் வூட்டுக்கு வேற ஆளு வந்து தாப்பா போடறதா?" என்று இவன் சொல்லவிடவில்லை. நாளைக்குப் போடுகிறேன், நாளைக்குப் போடுகிறேன் என்று இரண்டு மாதமாகக் கதவு நைலான் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் சோறு போடும்போது, "நானும் வரேன்" என்றாள்.

"நீ எதுக்கு?" என்றான் ஞானதாஸ். "நானு, மாமா, பாப்பா. மூணு பேரு போதும். நீயும் வந்துட்டா ஜோயலுக்கு யாரு சோறு ஆக்கறது?"

ஜோயல் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு நாலு முறை தின்பான் என்பது உண்மைதான். ஜெசிந்தா மகளைப் பார்த்தாள். சிநேகா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. மறுநாளே அருளப்பன் செங்கல்பட்டு ஸ்டேஷன் கவுன்ட்டரில் நின்று மூன்று டிக்கெட் எடுத்துவிட்டார். மூன்றும் உறுதியான இடம். நாலாவது ஆளுக்குக் கேட்டிருந்தால் வெயிட்டிங் லிஸ்டுதான் என்று போனில் பெருமையாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போன் போடுகிற வைபவம். வருகிற தேதியை வார்டனிடம் சொல்லிவிட வேண்டும். அருளப்பன் முகம் கழுவி, தலை சீவி, கூடத்தில் போன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குடும்பமே சுற்றி நின்றது. மணி போய், அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் எடுத்தது.

"நமஸ்தே ஜி" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அவர் பேசியதெல்லாம் சரி, சரி என்கிற இரண்டே வார்த்தை. அச்சா ஜி. டீக் ஹை ஜி. குரல் ஏதோ கேட்டது. அச்சா ஜி. மறுபடி அதையே கொஞ்சம் உரக்கக் கேட்டது. அச்சா, அச்சா. மூன்றாவது முறை அது கிட்டத்தட்டக் கத்தியது. டீக் ஹை ஜி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா சொன்னாங்க மாமா?"

"தங்கமான பொம்பள. எங்க பொண்ணாட்டம் பாத்துக்கறோம், நீங்க ரெண்டு பேரும் பத்திரமா வந்து சேருங்கன்றாங்க."

ஞானதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெசிந்தாவுக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. அவளுக்கு இந்தி தெரியாதுதான். ஆனால் கேள்வி கேட்கிற குரல் எந்த பாஷையிலும் கேள்வி கேட்கிற குரல்தான். அதற்கு அச்சா என்று பதில் சொல்கிற மடையன் இவர் ஒருத்தர்தான்.

ஆண்கள் இருவரும் சிகரெட் பிடிக்கக் கீழே இறங்கினார்கள். ஜெசிந்தா போனுக்குப் பக்கத்தில் போய் ரீடயல் பட்டனை அழுத்தினாள்.  பாதியில் விட்டாலும் அந்தச் செங்கல்பட்டுப் பயிற்சி கொடுத்த இங்கிலீஷ் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தான் சிநேகாவின் அம்மா என்று சொன்னாள்.

அந்த அம்மாள் உடனே இங்கிலீஷுக்கு மாறிவிட்டாள். "இப்போதுதான் ஒருவர் பேசினார். அம்மா வருகிறார்களா என்று மூன்று முறை கேட்டேன். எல்லாவற்றுக்கும் அச்சா என்றார். ஆண்களைக் கேட்டைத் தாண்டி விடமாட்டோம். அப்பாவாக இருந்தாலும் சரி. அம்மா வந்தால் அறை வரைக்கும் வரலாம். வராவிட்டால் உங்கள் பெண் தனியாகத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வர வேண்டும்."

ஜெசிந்தா இன்னொன்று கேட்டாள். குளியலறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா?

 "நீங்களே வந்து பார்த்துவிடுங்கள்" என்று அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

போனை வைத்தபோது சிநேகா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அம்மா பேசியதையெல்லாம் கேட்டிருந்தாள். "நீ வாம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஜெசிந்தா வஞ்சிர மீனைப் பொரித்து, சாப்பிட உட்கார்ந்த அருளப்பன் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். முதல் வாய் போனதும் வார்டன் சொன்னதை அப்படியே சொன்னாள். மனிதருக்கு முள் தொண்டையில் மாட்டியிருந்தாலும் முகம் அப்படி ஆகியிருக்காது.

"லைன் சரியில்ல தங்கச்சி. மேல அது பீகாரு இந்தி. நம்பள்து பம்பாய் இந்தி."

"அச்சா" என்றாள் ஜெசிந்தா.

சிநேகா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். மாமா பெயரில் இருக்கிற டிக்கெட்டை இவள் பெயருக்கு மாற்ற முடியுமா என்று ஞானதாஸ் கேட்டான். கவுன்ட்டரில் இருந்தவர் தலையை ஆட்டிவிட்டார். அக்கா புருஷன் டிக்கெட் இவளுக்கு வராது. புருஷன் டிக்கெட்டைப் பெண்டாட்டிக்கு மாற்றலாம், ரேஷன் கார்டும் ஒரு மனுவும் கொடுங்கள் என்றார். கார்டு ஜெசிந்தாவின் பையிலேயே இருந்தது.

ஞானதாஸ் தூணோரம் போய் நின்றான். பயணத்துக்கென்று அவன் புதிதாக ஷூ வாங்கியிருந்தான். ஒரு வாரமாகப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான்.

"சரி, நீ என் டிக்கெட்ல போ" என்றான் கடைசியில். "மாமா தொணைக்கு வரட்டும்."

"அவரு டிக்கெட்ட கேன்சல் பண்ணு."

"ஆம்பள தொண இல்லாமயா? ரெண்டு நாளு ரயிலு ஜெசி. அவருக்குத்தான் பாஷ..."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

"மாமாவ வேணாம்னா அக்கா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

"உங்க அக்கா மூஞ்சிக்காக எம் பொண்ணு தனியா பெட்டி தூக்கினு போணுமா? நீ அங்க போனா கேட்டுக்கு வெளிய நின்னுகினு கட்டடம் பெருசா கீதுன்னு பாத்துட்டு வருவே. நான் உள்ள போவேன். எய்திக் குடு."

"அப்ப ஜோயலுக்கு யாரு..."

"நீதான்."

அவன் மனுவை எழுதிக் கொடுத்தான், மாமா டிக்கெட்டையும் கேன்சல் பண்ணினான். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து புது ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தான். ஜெசிந்தா பரிதாபப்பட்டாளா என்றால், இல்லை. இந்த மனிதனுக்கு ஒரு ரயில் பயணம் போச்சு. அவளுக்குப் போனது அதைவிடப் பெரிது.

அருளப்பன் அதற்குப் பிறகு வரவில்லை. தனக்குக் காய்ச்சல் வந்ததால்தான் போகவில்லை, மற்றபடி ஏற்பாடெல்லாம் தன்னுடையது என்று அச்சரப்பாக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. அவர் அப்படிச் சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஷிப்ட் முடிந்து வந்த ஞானதாஸ், புதுப்பட்டினம் கடையில் வாங்கிய ஒரு பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தான். உள்ளே ஒரு பித்தளைத் தாழ்ப்பாள், ஒரு ஸ்க்ரூ டிரைவர், தனித்தனிக் காகிதத்தில் மடித்த திருகாணிகள்.

"மரக் கதவுன்னா இந்த ஸ்க்ரூ. தகரக் கதவுன்னா நட்டு போல்ட்டு. ரெண்டும் வெச்சிகீறேன்." அவளைப் பார்க்காமல்தான் சொன்னான்.

ஜெசிந்தா தாழ்ப்பாளைக் கையில் எடுத்துத் தள்ளிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது. மறுபடியும் தள்ளிப் பார்த்தாள். 

"இன்னொண்ணு வாங்கினு வா" என்றாள்.

"எதுக்கு?"

அவள் பாத்ரூம் கதவில் தொங்கிய நைலான் கயிற்றைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பவும் புதுப்பட்டினத்துக்குப் போனான்.

வந்ததும் அவனே போடப் போனபோது அவள் தடுத்தாள். "நீ போடாத. அவ போடட்டும். அங்க போயி அவதான் போடணும்."

அப்பா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, சிநேகா கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுத் தாழ்ப்பாளை வைத்துத் திருகினாள். கொஞ்சம் கோணல். ஞானதாஸின் கை துறுதுறுத்தது. ஜெசிந்தா அங்கேயே நின்றதால் கையைக் கட்டிக்கொண்டான்.

வேலை முடிந்ததும் ஜெசிந்தா துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வாளியில் தண்ணீர் நிரம்பியது. முதல் குவளையை ஊற்றும்போது அவள் வலது கால் தானாகக் கதவுக்குப் போய் அழுத்திக்கொண்டது. ஈஸ்டரிலிருந்து வந்த பழக்கம் இல்லை அது. தாழ்ப்பாள் நன்றாக இருந்த காலத்திலும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இன்று வரைக்கும் அவள் அப்படித்தான் குளித்திருக்கிறாள்.

"ஜெசி, அரிசி எத்தினி டம்ளரு போடறது?" என்று வெளியே ஞானதாஸின் குரல் கேட்டது. "ஜெசி! தண்ணி எவ்ளோ வைக்கணும்?"

அவள் அடுத்த குவளையை மொண்டாள். காலை எடுத்துக் கீழே ஊன்றிக்கொண்டு, இரண்டு காலிலும் நின்று குளித்தாள்.